வேலியே பயிரை மேய்ந்தால்: ஆப்பிரிக்கப் பஞ்சங்களின் வரலாறு தரும் பாடம்



ஆப்பிரிக்கா என்றதும் நம்மில் பலருக்கு உடனே நினைவுக்கு வருவது, எலும்பும் தோலுமாய்க் கையேந்தி நிற்கும் ஒரு குழந்தையின் படம். செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் அந்தப் படத்தைப் பார்க்கிறோம். "பாவம், அங்கே மழையே இல்லையாம்" என்று வருந்துகிறோம். சிலர் அதோடு நில்லாமல், "அந்த மக்களுக்கு உழைக்கத் தெரியாது, அதனால்தான் பட்டினி கிடக்கிறார்கள்" என்றும் சொல்லிவிடுகிறார்கள். வெயிலென்றும் மழையென்றும் பாராமல் உழைக்கிற நாம், உழைப்பவர்களைப் பற்றி அப்படிச் சொல்லலாமா? ஆப்பிரிக்க உழவரும் விடியுமுன் மண்வெட்டியோடு வயலுக்குப் போகிறவர்தாம். அங்குள்ள தாய்மாரும் முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு களை எடுக்கிறவர்கள்தாம். அப்படியானால் அவர்கள் வீட்டு அடுப்பு ஏன் எரியவில்லை? இந்தக் கேள்விக்கு வரலாறு கூறும் விடையைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆப்பிரிக்கா ஒரு நாடு அன்று. அது 54 நாடுகளைக் கொண்ட பெரிய கண்டம். அங்கே பாலைவனமும் உண்டு, அடர்ந்த காடும் உண்டு. வற்றாத பேராறுகளும் உண்டு. எல்லா நாடுகளிலும் பஞ்சம் இல்லை. மழை பொய்த்த எல்லா இடங்களிலும் மக்கள் மடிந்துவிடவும் இல்லை. ஒரே மாதிரியான வறட்சி இரண்டு நாடுகளுக்கு வருகிறது. ஒரு நாட்டில் இலட்சக்கணக்கானோர் இறக்கிறார்கள். மற்றொரு நாட்டில் பசியால் மக்கள் சாகாதபடி தடுக்கப்படுகிறது. வானம் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்த்தது. வேறுபாடு எங்கே இருக்கிறது? ஆட்சியில் இருக்கிறது.

இதை ஆராய்ந்து சொன்ன அறிஞர்களுள் முதன்மையானவர் அமர்த்தியா சென். வங்காளத்தைச் சேர்ந்த இந்தப் பொருளாதார அறிஞர் 1933இல் சாந்திநிகேதனில் பிறந்தவர். 1943இல் வங்காளத்தில் பெரும்பஞ்சம் ஏற்பட்டு, 20 முதல் 30 இலட்சம் பேர் வரை இறந்தபோது அவர் சிறுவன். வளர்ந்து பேராசிரியரான பின் பஞ்சங்களைப் பற்றி ஆராய்ந்து, 1981இல் ஒரு நூல் வெளியிட்டார். வங்காளப் பஞ்சத்தோடு எத்தியோப்பியப் பஞ்சத்தையும் அதில் ஆராய்ந்தார். 1998இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் கூறிய முக்கியமான உண்மை இதுதான்: நாட்டில் உணவே இல்லாமற்போவதால் மட்டும் பஞ்சம் வருவதில்லை, உணவு இருந்தும், அதை வாங்கும் சக்தி மக்களுக்கு இல்லாமற்போகும்போதும் பஞ்சம் வருகிறது.

இது நமக்குப் புரியாத செய்தியன்று. கடையில் அரிசி மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் வாரக்கணக்காக விடாமழை. மரம் சீவ முடியவில்லை. வேலை இல்லை, கூலி இல்லை. கடைக்காரரும் இனிக் கடன் எழுத முடியாது என்று கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டார். அப்போது அந்த வீட்டில் பசி. ஆனால் அந்தப் பசிக்குக் காரணம் அரிசி இல்லாமை அன்று. கையில் காசு இல்லாமை. ஒரு வீட்டுக்கு இப்படி நேர்ந்தால் அக்கம்பக்கத்தார் உதவுவர். ஒரு மாநிலம் முழுவதற்கும் நேர்ந்தால் யார் உதவுவது? அரசுதான் உதவ வேண்டும். அரசு கண்ணை மூடிக்கொண்டால் என்ன ஆகும்? எத்தியோப்பியாவின் கதையைக் கேளுங்கள்.

எத்தியோப்பியா ஆப்பிரிக்காவின் கிழக்கே உள்ள தொன்மையான நாடு. 1930 முதல் அதனை ஆண்டவர் பேரரசர் ஹெய்லி செலாசி. இத்தாலியப் படையெடுப்பை எதிர்த்து உலகமன்றத்தில் குரல் கொடுத்தவர் என்ற புகழ் அவருக்கு உண்டு. அத்தகைய மன்னரின் ஆட்சியில்தான், வடகிழக்கே உள்ள வோலோ மாநிலத்தில் 1972ஆம் ஆண்டு பெருமழை தவறியது. 1973இன் தொடக்கத்தில் வரவேண்டிய சிறுமழையும் பொய்த்தது. உழவர்களின் களஞ்சியம் காலியானது.

அந்த உழவர்களில் பலருக்குச் சொந்த நிலம் இல்லை. நிலவுடைமையாளரின் மண்ணில் உழுது, விளைச்சலில் பெரும்பங்கை அவருக்கு அளந்துகொடுத்தவர்கள் அவர்கள். நல்ல ஆண்டிலேயே கைக்கும் வாய்க்கும் எட்டாத வாழ்வு. கெட்ட ஆண்டில் என்ன மிஞ்சும்? உழவு மாட்டை விற்றார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் விற்க வந்ததால் மாட்டு விலை சரிந்தது. அஃபார் என்னும் கால்நடை வளர்ப்போரின் நிலை இன்னும் மோசம். வறட்சிக் காலத்தில் அவர்கள் தங்கள் மந்தைகளை அவாஷ் ஆற்றங்கரைப் புல்வெளிக்கு ஓட்டிச்செல்வது வழக்கம். அந்த ஆற்றங்கரை நிலத்தில் பெரும்பகுதி, பருத்தித் தோட்டங்களுக்காகவும் கரும்புத் தோட்டங்களுக்காகவும் முன்பே எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தது. மேய்ச்சல் நிலம் போயிற்று, மந்தை மாண்டது, மக்களும் மாண்டனர்.

இதில் வேதனையான செய்தி என்னவென்றால், அந்த ஆண்டு எத்தியோப்பியா முழுவதிலும் உணவு இல்லாமற்போய்விடவில்லை. வோலோவின் தலைநகரான டெஸ்ஸியின் சந்தையில் தானிய விலை வானளாவ உயரவும் இல்லை என்று சென் காட்டுகிறார். ஏன் உயரவில்லை? பசித்தவர் கையில் வாங்கக் காசில்லை. வாங்க ஆளில்லாத இடத்தில் விலை எப்படி ஏறும்? வோலோவிலிருந்து கொஞ்சம் தானியம் வெளியே போனதற்கும் சான்று உண்டு. தலைநகரிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலை வோலோவின் நடுவேதான் போகிறது. அந்தச் சாலையில் போன பேருந்துகளையும் கார்களையும் மறித்துப் பட்டினி மக்கள் பிச்சை கேட்டார்கள்.

அரசுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் வெளியே தெரிந்தால் நாட்டின் பெயர் கெட்டுவிடும் என்று எண்ணினார்கள். தலைநகரான அடிஸ் அபாபாவை நோக்கி நடந்துவந்த வோலோ உழவர்களைக் காவல்துறையினர் வழியிலேயே திருப்பி அனுப்பினர். பல்கலைக்கழக ஆசிரியர்கள் சிலர் வோலோவுக்குச் சென்று படம் எடுத்துவந்து கண்காட்சி வைத்தபோதுதான் தலைநகரத்து மாணவர்களுக்கே விவரம் தெரிந்தது. 1973 அக்டோபரில் ஜோனதன் டிம்பில்பி என்ற செய்தியாளர் எடுத்த படம் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் காட்டப்பட்டதும் உலகம் திடுக்கிட்டது. பேரரசர் வோலோவைப் பார்க்கப் போனது அதற்குப் பிறகு, நவம்பரில். அதற்குள் பல்லாயிரம் உயிர்கள் போய்விட்டன. இறந்தோர் தொகையை 40,000 முதல் 2 இலட்சம் வரை பலவாறு மதிப்பிடுகிறார்கள்.

பசியை மறைத்த அரசு நெடுநாள் நிலைக்கவில்லை. 1974இல் படைவீரர்களும் ஆசிரியர்களும் வாடகைக் கார் ஓட்டுநர்களும் கிளர்ந்தெழுந்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் நாள் இரவு, எத்தியோப்பியத் தொலைக்காட்சியில் டிம்பில்பியின் பஞ்சப் படமும் அரண்மனை விருந்துக் காட்சிகளும் மாறி மாறிக் காட்டப்பட்டன. மறுநாள் படை அதிகாரிகள் பேரரசரைப் பதவியிலிருந்து இறக்கி, ஒரு சிறிய வோக்ஸ்வேகன் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

கொடுங்கோல் ஒழிந்தது, இனிப் பஞ்சம் வராது என்று மக்கள் நம்பினார்கள். நம்புவதற்குக் காரணமும் இருந்தது. 1975இல் புதிய இராணுவ அரசு நிலவுடைமையை ஒழித்து, உழுபவருக்கே பயன்படும்படி நிலத்தைக் கொடுத்தது. நிலவுடைமையாளருக்கு அளந்த பங்கு நின்றது. அது உண்மையிலேயே பெரிய மாற்றம். ஆனால் நேயர்களே, பழைய எசமானன் போன இடத்தில் புதிய எசமானன் வந்து உட்கார்ந்தால் உழவனுக்கு என்ன இலாபம்?

இராணுவ அரசின் தலைவராக உயர்ந்தவர் மெங்கிஸ்து ஹெய்லி மரியம். அவருடைய ஆட்சிக்கு நகரத்து மக்களும் படைவீரர்களும் மனநிறைவோடு இருக்க வேண்டும். அவர்களுக்கு மலிவாகத் தானியம் வேண்டும். அதற்காக 1976இல் வேளாண்மைச் சந்தைக் கழகம் என்ற ஓர் அரசு நிறுவனம் உருவாயிற்று. இத்தனை மூட்டை தானியத்தை அரசு குறித்த விலைக்குக் கொடுக்க வேண்டும் என்று உழவர் சங்கம் ஒவ்வொன்றுக்கும் அளவு விதிக்கப்பட்டது. அந்த விலையோ சந்தை விலையைவிட மிகக் குறைவு. விளைச்சல் போதாதவர்கள் வெளிச்சந்தையில் அதிக விலைக்கு வாங்கி, அரசிடம் குறைந்த விலைக்கு ஒப்படைத்த கொடுமையும் நடந்தது. விளைந்த இடத்திலிருந்து விளையாத இடத்துக்குத் தானியம் கொண்டுபோன வணிகர்களுக்குத் தடைகள். வழியெங்கும் சோதனைச் சாவடிகள். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் பாயாமல் நடுவே அணை கட்டியது போலாயிற்று. அதிகம் விளைவித்தால் அதிகம் பறிபோகும் என்று கண்ட உழவருக்கு ஊக்கம் எங்கிருந்து வரும்?

இன்னொரு பக்கம் உள்நாட்டுப் போர். வடக்கே எரித்திரியாவிலும் திக்ராயிலும் அரசை எதிர்த்துக் கிளர்ச்சி நடந்தது. அரசின் பணத்தில் பெரும்பகுதி படைக்கும் ஆயுதத்துக்கும் சென்றது. திக்ராயில் வார்ச்சந்தை கூடும் இடங்களின்மேல் வானூர்திகள் குண்டு வீசின. அதற்கு அஞ்சிய மக்கள் இரவு நேரத்தில் சந்தை கூட்டினார்கள். ஒரு படி தானியம் வாங்க இருட்டில் மைல்கணக்கில் நடந்த அந்த மக்களை எண்ணிப்பாருங்கள்.

இந்த நிலையில்தான் 1983லும் 1984லும் மழை பொய்த்தது. அரசின் நிவாரண ஆணையமே 1984 மார்ச்சில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஆபத்தில் இருப்பதாக உலக நாடுகளுக்கு எச்சரிக்கை விடுத்தது. ஆனால் நாட்டின் தலைவருக்கு அப்போது வேறு கவலை. புரட்சியின் பத்தாம் ஆண்டு விழா செப்டம்பரில் வரப்போகிறது. அடிஸ் அபாபா முழுவதும் வளைவுகளும் பெரிய படங்களும் எழுந்தன. அலங்கார வேலைக்கு வடகொரியாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். விழா முடியும்வரை வெளிநாட்டுச் செய்தியாளர்கள் வடக்கே போவதற்குக் கட்டுப்பாடு. அதே நாட்களில் கோரெம் என்ற ஊரின் வெட்டவெளியில் ஆயிரக்கணக்கானோர் குளிரில் நடுங்கிச் செத்துக்கொண்டிருந்தார்கள்.

1984 அக்டோபர் 23ஆம் நாள் மைக்கேல் பியுர்க் என்ற செய்தியாளரும், கென்யாவைச் சேர்ந்த முகமது அமீன் என்ற படப்பிடிப்பாளரும் கொண்டுவந்த காட்சிகளைப் பிபிசி ஒளிபரப்பியது. உலகமே எழுந்து உதவியது. 1985 ஜூலையில் இலண்டனிலும் பிலடெல்பியாவிலும் இசைக்கலைஞர்கள் மாபெரும் நிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டினார்கள். ஆனால் உதவி வந்த பிறகும் கொடுமை ஓயவில்லை. கிளர்ச்சியாளர் வசமிருந்த பகுதிகளுக்கு உணவு போகாமல் அரசு தடுத்தது. கிளர்ச்சிப் படையினர்மீதும் நிவாரணத்தைத் தம் தேவைக்குத் திருப்பினார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. வடக்கிலிருந்து சுமார் 6 இலட்சம் பேரை அரசு தென்மேற்கே குடியமர்த்தியது. பலரைக் கட்டாயப்படுத்தியே கொண்டுபோனது. பயணத்திலும், பழக்கமில்லாத புது மண்ணின் நோயிலும் பல்லாயிரம் பேர் இறந்தனர். அந்தப் பஞ்சத்தில் மடிந்தோர் மொத்தம் 4 இலட்சத்திலிருந்து 10 இலட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மெங்கிஸ்து 1991இல் நாட்டைவிட்டு ஓடினார்.

முதலாவது முடியாட்சி, இரண்டாவது, பாட்டாளியின் பெயரால் நடந்த இராணுவ ஆட்சி. கொடி மாறியது, கொள்கை மாறியது. ஆனால் இரண்டிலும் ஒன்று மாறவில்லை. பசித்தவன் குரல் ஆள்பவன் காதுக்கு எட்ட வழியே இல்லை. பத்திரிகை பேச முடியாது. மக்கள் வாக்களித்து ஆட்சியை மாற்ற முடியாது. சுதந்திரமான பத்திரிகையும் முறையான தேர்தலும் உள்ள நாட்டில் பெரும்பஞ்சம் வருவதில்லை என்று சென் கூறுவது இதனால்தான்.

அப்படியானால் தேர்தல் நடந்துவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு மலாவி நாடு சான்று.

மலாவி, ஆப்பிரிக்காவின் தென்கிழக்கே நீண்ட ஓர் ஏரியின் கரையில் அமைந்த சிறிய நாடு. அந்த மக்களின் அன்றாட உணவு மக்காச்சோள மாவில் கிண்டும் களி. அதை ந்சிமா என்பார்கள். நமக்குச் சோறு எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. 30 ஆண்டு ஒருவர் ஆட்சிக்குப் பின், 1994இல் அங்கே பல கட்சித் தேர்தல் நடந்து, பக்கிலி முலுசி அதிபரானார். பஞ்ச காலத்துக்கென்று அரசின் கிடங்குகளில் மக்காச்சோளம் சேமித்து வைக்கப்பட்டிருந்தது. சுமார் 1 இலட்சத்து 67 ஆயிரம் டன். இந்தச் சேமிப்பைப் பாதுகாக்க 1999இல் தனி நிறுவனமும் தொடங்கப்பட்டது. அந்த நிறுவனம் வட்டிக்குக் கடன் வாங்கித் தானியம் வாங்கியிருந்தது. எனவே சேமிப்பின் ஒரு பகுதியை விற்றுக் கடனைக் குறைக்கும்படி அனைத்துலகப் பண நிதியம் ஆலோசனை கூறியது. ஒரு பகுதியை வைத்திருக்க வேண்டும் என்பதும் அந்த ஆலோசனையில் இருந்தது. நடந்ததோ வேறு. 2001ஆம் ஆண்டு முடிவதற்குள் கிடங்கு ஏறத்தாழத் துடைத்து வைத்தது போல் காலியாகிவிட்டது.

அதே ஆண்டு வெள்ளத்தால் மக்காச்சோள விளைச்சல் குறைந்திருந்தது. ஆனால் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் ஏராளமாக விளைந்திருப்பதாக அதிகாரிகளின் கணக்கு காட்டியது. கிழங்கு இருக்கிறதே, பிறகு என்ன கவலை என்று இருந்துவிட்டார்கள். தாளில் விளைந்த கிழங்கு தட்டுக்கு வருமா? மக்களுக்கு உண்மை தெரிந்திருந்தது. அவர்களை யாரும் கேட்கவில்லை.

விற்ற தானியம் யார் கைக்குப் போனது? அரசியல் செல்வாக்கு உள்ளவர்கள் மலிவாக வாங்கிப் பதுக்கி, விலை ஏறிய பின் பல மடங்குக்கு விற்றார்கள் என்று நாடெங்கும் குற்றச்சாட்டு எழுந்தது. ஊழல் தடுப்புத் துறை விசாரணை நடத்தியது. விற்பனை நடந்த காலத்தில் வேளாண்மை அமைச்சராக இருந்தவர் 2002 ஆகஸ்டில் பதவி நீக்கப்பட்டார். ஆனால் அதற்கு முன்பே, 2002இன் தொடக்க மாதங்களில், கதிர் முற்றுவதற்குள் பசி முற்றிவிட்டது. பச்சைக் கதிரை ஒடித்துத் தின்றார்கள். தவிட்டையும் காட்டு வேரையும் தின்றார்கள். அடுத்தவன் வயலில் கதிர் ஒடித்தவனை ஊரார் அடித்தார்கள். அதிபர் பேரிடர் நிலையை அறிவித்தது 2002 பிப்ரவரி 27ஆம் நாள். அதற்குள் பல நூறு பேர், ஒரு சில கணக்கின்படி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், இறந்துவிட்டனர்.

பயிரைக் காக்கப் போட்ட வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் முறையிடுவது என்பது நம் பழமொழி. பஞ்ச காலக் கிடங்கு என்பது ஏழை மக்களின் வேலி. மேலே இருந்து ஆலோசனை சொன்னவர்கள் நாட்டின் நிலையைச் சரியாக அறியவில்லை. கீழே இருந்து செயற்படுத்தியவர்கள் நேர்மையாக இல்லை. இரண்டும் சேர்ந்தபோது வேலி முழுவதும் போயிற்று. ஓர் அரிசிப் பானையைக் கவிழ்த்தவன் திருடன் என்று உடனே தெரிகிறது. இலட்சம் டன் தானியம் போனபோதோ, எந்தக் கை எடுத்தது என்று கண்டுபிடிக்கவே மாதங்கள் ஆகின்றன.

இனி மனத்துக்கு ஆறுதலான ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். போட்ஸ்வானா என்ற நாடு தென்னாப்பிரிக்காவுக்கு வடக்கே உள்ளது. அதன் பெரும்பகுதி கலஹாரி என்னும் வறண்ட நிலம். 1966 செப்டம்பர் 30ஆம் நாள் விடுதலை பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று அது. அப்போதும் கடும் வறட்சி. இலட்சக்கணக்கான மாடுகள் மடிந்திருந்தன. மக்களில் பெரும்பகுதியினர் நிவாரண உணவை நம்பியிருந்தனர். முதல் அதிபர் செரெட்சே காமா தேர்தலை முறையாக நடத்தினார். ஊழலுக்கு இடங்கொடாத அரசு ஊழியர் அமைப்பை வளர்த்தார். விடுதலைக்கு அடுத்த ஆண்டு வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வருமானத்தில் பெரும்பங்கு சாலையாகவும் பள்ளியாகவும் மருந்தகமாகவும் மாறியது.

1982 முதல் 1987 வரை தொடர்ந்து ஆறு ஆண்டு வறட்சி வந்தது. எத்தியோப்பியாவில் மக்கள் மடிந்த அதே காலம். போட்ஸ்வானாவில் தானிய விளைச்சல் படுவீழ்ச்சி அடைந்தது. ஆனால் பஞ்சச் சாவு தடுக்கப்பட்டது. எப்படித் தடுத்தார்கள்? மந்திரம் ஒன்றும் இல்லை. மருந்தகங்களில் குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்தார்கள். எந்த ஊரில் குழந்தைகளின் எடை குறைகிறதோ, அந்த ஊரில் பசி தொடங்கிவிட்டது என்று அறிந்தார்கள். பள்ளியிலும் மருந்தகத்திலும் உணவு கொடுத்தார்கள். வேலை இழந்தவர்களுக்குச் சாலை போடுவது, சிறு அணை கட்டுவது போன்ற வேலைகளைக் கொடுத்துக் கூலியைப் பணமாகவே தந்தார்கள். பணம் கைக்கு வந்ததும் வணிகர்கள் தாமாகவே தானியத்தை ஊருக்குள் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டு விதைப்புக்கு விதையும் உழவுக்கு உதவித் தொகையும் வழங்கினார்கள். குறை ஏற்பட்டபோது எதிர்க்கட்சியும் பத்திரிகையும் கேள்வி கேட்டன. அரசு பதில் சொல்ல வேண்டியிருந்தது.

வைரம் இருந்ததால் அவர்களால் முடிந்தது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனிலும் வைரம் இருந்தது. அங்கே அது ஆட்சியாளர்க்கும் அவர்களைச் சேர்ந்தவர்க்கும் செல்வமாயிற்று. 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போருக்கு எரிபொருளாகவும் ஆயிற்று. ஆகவே நிலத்தடியில் என்ன இருக்கிறது என்பதைவிட, அதை எடுப்பவர் யாருக்குக் கணக்குக் காட்டுகிறார் என்பதுதான் பெரிது. போட்ஸ்வானாவும் குறையற்ற நாடன்று. அங்கே ஏழை பணக்காரர் ஏற்றத்தாழ்வு பெரிதாகவே உள்ளது. கலஹாரியின் பழங்குடிகளான சான் மக்களுக்கு இழைத்த அநீதியும் உண்டு. ஆயினும் வறட்சி வந்தபோது தன் குழந்தைகளை நிறுத்துப் பார்த்த அரசு அது என்ற பெருமையை மறுக்க முடியாது.

பழி முழுவதையும் ஆப்பிரிக்கத் தலைவர்கள்மேல் சுமத்திவிட்டுக் கை கழுவுவதும் நேர்மையன்று. ஐரோப்பிய ஆட்சியாளர்கள் அக்கண்டத்தின் நல்ல நிலங்களை ஏற்றுமதிப் பயிருக்குத் திருப்பினார்கள். தங்கள் வசதிக்கேற்ப எல்லைக்கோடு கிழித்தார்கள். வல்லரசுகள் பனிப்போர்க் காலத்தில் கொடுங்கோலர்களுக்கு ஆயுதம் கொடுத்தன. எத்தியோப்பியா சோவியத் அணியில் இருந்ததால் 1984இல் மேலை நாடுகள் சில தயங்கி நின்றன. வெளியிலிருந்து வந்த ஆலோசனை மலாவியில் எப்படி முடிந்தது என்பதையும் பார்த்தோம். இவையெல்லாம் சுமையைக் கூட்டின. ஆனால் சுமை கூடிய நேரத்தில்தான் நல்ல தலைமை வேண்டும். ஆப்பிரிக்கத் தலைவர்களே இதை உணர்ந்து, 2003இல் மொசாம்பிக்கின் மபுத்து நகரில் கூடி, நாட்டின் வரவு செலவுத் திட்டத்தில் குறைந்தது நூற்றுக்குப் பத்துப் பங்கை வேளாண்மைக்கு ஒதுக்குவதாக உறுதி கூறினார்கள். அந்த உறுதியை ஆண்டுதோறும் காப்பாற்றிய நாடுகள் மிகச் சிலவே.

இதுவரை பார்த்த வரலாற்றைத் தொகுத்துப் பார்ப்போம். கெட்ட தலைமை பசியை எப்படி வளர்க்கிறது? ஒன்று, பசிச் செய்தியை மறைத்து உதவியைத் தாமதப்படுத்துகிறது. இரண்டு, உழவன் விளைச்சலை அடிமாட்டு விலைக்குப் பறித்து அவன் ஊக்கத்தைக் கொல்கிறது. மூன்று, சோற்றுக்கும் சாலைக்கும் போக வேண்டிய பணத்தை ஆயுதத்துக்கும் ஆடம்பரத்துக்கும் திருப்புகிறது. நான்கு, பஞ்ச காலத்துக்கென்று வைத்த சேமிப்பையே வேண்டியவர்களுக்கு விற்கிறது. இவற்றில் ஒன்றுகூட வானத்திலிருந்து வரவில்லை. மனிதர் செய்தவை, ஆதலால் மனிதரால் தடுக்கக் கூடியவை.

எங்கோ இருக்கும் நாடுகளின் கதை நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டாம். கூட்டுறவுச் சங்கமோ, கோயில் நிர்வாகமோ, பள்ளியின் பெற்றோர் சங்கமோ, எதுவாயினும் நம் காசில் நடக்கும் அமைப்புகள் நம்மிடையேயும் உண்டு. ஆண்டுக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது, எதற்கு வம்பு என்று நம்மில் பலர் எழுந்து போய்விடுகிறோம். கேள்வி கேட்பவரை, பெரியவர்களை மதியாதவர் என்று ஏசுகிறோம். கணக்குக் கேட்பது அவமரியாதை அன்று. நேர்மையானவர் கணக்குக் காட்டத் தயங்கமாட்டார். அது அவருக்கும் பாதுகாப்பு. சிறிய கிடங்குக்குக் காவல் இருக்கப் பழகாத மக்கள், பெரிய கிடங்குக்குக் காவல் இருப்பது எப்படி?

ஆகவே, அடுத்த முறை பட்டினிக் குழந்தையின் படத்தைப் பார்க்கும்போது, உங்கள் பிள்ளைகள் "அம்மா, ஏன் இப்படி?" என்று கேட்டால், "மழை இல்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். "மழை தவறியது உண்மை. அந்த நேரத்தில் அவர்களுடைய கிடங்குச் சாவி யார் கையில் இருந்தது என்பதையும் படித்துப் பார்" என்று சொல்லுங்கள்.